உருளைக்கு அந்தப் பக்கம்

இதில் எது நான் கண்ணால் பார்த்தது, எது மற்றவர்கள் சொல்லிக் கேட்டது, எது இத்தனை காலம் மனதில் கிடந்து ஊறியதில் தானாக முளைத்துக்கொண்டது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சலவை ஆலைக்கு எதிர்ச் சந்தில் நான் குடியிருந்தது நிச்சயம். அதன் நீராவிக் குழாய் என் ஜன்னலுக்கு நேரே மூச்சு விட்டுக்கொண்டிருந்ததும், அந்த இரண்டு பெண்களும் காலையில் ஒருத்தி முன்னும் ஒருத்தி பின்னுமாக வம்பு பேசிக்கொண்டே போனதும் நிச்சயம். ஆனால் அவர்கள் உருளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று சொல்லிக்கொண்ட சொலவடைகளில் ஒன்றுகூட எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. அவற்றில் மாடு வரும், பானை வரும், மழை வரும், மாமியார் வருவாள். அவ்வளவுதான் மிச்சம். நினைவிருந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அவர்களில் இளையவளுக்கு ஆலையில் வைத்த பெயர் மைக்கு. ஆளைப் பார்த்தால் ஒரு கைப்பிடிதான் இருப்பாள். வாயைத் திறந்தால் கொதிகலனுக்குக் கரி போடுகிற ஆள்கூடத் திரும்பிப் பார்ப்பான். அவளுடைய அண்ணன் மனைவி அவளுக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். மைக்கு அவளை அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆலை முழுவதற்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். துணிக்குக் கஞ்சி காய்ச்சுகிற கஞ்சிக்காரி அவளைவிட எவ்வளவோ மூத்தவள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தோய்த்து, பிழிந்து, ஈரம் பாதி போன விரிப்புகள் கடைசியாகப் பெரிய உருளைக்கு வரும். ஆள் உயர இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடும். முன்பக்கம் நிற்பவள் விரிப்பின் இரண்டு மூலைகளையும் இழுத்து நேராக்கி உருளைக்குக் கொடுப்பாள். பின்பக்கம் நிற்பவள் அது காய்ந்து தகடுபோல் வெளியே வரும்போது வாங்கி மடிப்பாள். கொடுப்பவள் மைக்கு. வாங்குபவள் அண்ணி. நடுவில் உருளை இருப்பதால் ஒருத்தி முகம் மற்றவளுக்குத் தெரியாது.

சில சமயம் விரிப்பின் மூலை உருளையோடு ஒட்டிக்கொண்டு அதோடு சுற்ற ஆரம்பித்துவிடும். விட்டால் விரிப்பு கருகிவிடும். அப்போது அண்ணி ஒரு கட்டையால் இரும்புச் சட்டத்தில் தட்டுவாள். மைக்கு கால்மிதியை அழுத்தி உருளையை நிறுத்துவாள். நிறுத்தியாகிவிட்டது என்பது அண்ணிக்குத் தெரிய வேண்டும். வழவழவென்று தேய்ந்த அந்த உருளை சுற்றுகிறதா நிற்கிறதா என்று ஆவியில் நனைந்த கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. அதனால் மைக்கு ஒரு சொலவடையின் முதல் பாதியைக் கத்துவாள். கத்திவிட்டு நிறுத்திக்கொள்வாள். அண்ணி கையை உள்ளே விட்டு ஒட்டிய மூலையை உரித்து எடுப்பாள். கை வெளியே வந்த பிறகு மீதிப் பாதியைச் சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் மைக்கு மிதியிலிருந்து காலை எடுப்பாள்.

யார் இதை ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு முன்னால் அங்கே நின்றவர்களும் இப்படித்தான் செய்தார்களாம். 'சரி' என்று ஒரு சொல் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டதாக நினைவு.

"சரின்னு தூக்கத்துலகூடச் சொல்லிடலாம்," என்றாள் மைக்கு. "மீதியச் சொல்லணும்னா புத்தி அங்க இருக்கணும் இல்ல?"

எந்தச் சொலவடையைச் சொல்வது என்பது கொடுப்பவளின் இஷ்டம். மைக்கு அதில் ஒரு சுகம் கண்டிருந்தாள். காலையில் வீட்டில் எந்த விஷயத்தில் வாய்ச்சண்டை நடந்ததோ, அதற்குத் தோதாக ஒன்றை உருளைக்கு மேலே எறிவாள். பால் பொங்கி வழிந்த அன்று சோம்பேறி மருமகளைப் பற்றி ஒன்று வரும். அண்ணி தன் தாய் வீட்டைப் பெருமையாகப் பேசிய மறுநாள் தற்பெருமையைப் பற்றி ஒன்று வரும். அண்ணி என்ன செய்வாள்? முடிக்காமல் விட முடியாது. தன்னைத் திட்டுகிற வாக்கியத்தைத் தானே முடித்து வைக்க வேண்டும். மடிக்கிற பெண்கள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

"வீட்டுக்கு வாடி, உனக்கு இருக்கு," என்பாள் அண்ணி, மீதிப் பாதியைச் சொல்லி முடித்த கையோடு.

"அது சொலவடையில இல்லையே அண்ணி."

"இது சொலவடை இல்ல. இது உண்மை."

சூப்பர்வைசரும் சிரிப்பார். எப்போதும் கழுத்தில் ஊதல் தொங்கியதால் அவருக்கு விசில் என்று பெயர். "ஏம்மா, இன்னிக்கு அண்ணிமேல என்ன கேஸு?" என்று முன்பக்கம் வந்து கேட்டுவிட்டுப் போவார். இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சிரித்திருக்கிறார்.

வீடு என்பது இரண்டு அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும். மற்றொன்று சமையலறை. மைக்கு படுப்பதும் அங்கேதான். அண்ணன் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். ரப்பர் வாடையோடு வந்து, சாப்பிட்டு, ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு தூங்கிவிடுவான். அவன் பேசுவது குறைவு. பேசத் தேவையும் இல்லை. வீட்டில் இரண்டு பேர் அவனுக்கும் சேர்த்துப் பேசினார்கள். அண்ணி ஆக்குவாள், மைக்கு குறை சொல்வாள். மைக்கு ஆக்கினால் அண்ணி ஒன்றும் சொல்லாமல் உப்பு டப்பாவை எடுத்து நடுவில் வைப்பாள். அது இன்னும் மோசம்.

புது மேனேஜர் வந்ததும்தான் சுவர்களில் பலகைகள் ஏறின. நிறுவனரைப் பெரியவர் என்பார்கள். இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் எங்கோ பேசியதிலிருந்தும் எழுதியதிலிருந்தும் பொறுக்கி எடுத்த வாசகங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே அவர் பெயரையும் எழுதி, துவைக்கிற கூடத்தில் ஒன்று, கஞ்சி அடுப்புக்கு மேலே ஒன்று என்று மாட்டினார்கள். உருளைக்கு எதிரே இருந்ததுதான் பெரியது.

'ஓயாத கையை உலகம் வணங்கும். உலகம் வணங்கும் கை ஓயாது.'

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் அதைப் பார்த்தார்கள். மூட்டைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பொன்மொழியாம்," என்றாள் கஞ்சிக்காரி. "பொன்னுன்னா அடகுக்கடையில எடுத்துக்குவானா?"

"கண்ணாடிச் சட்டத்த எடுத்துக்குவான். மொழிய நீயே வச்சுக்கன்னு திருப்பிக் குடுத்துடுவான்," என்றாள் அண்ணி, முட்டையை உரித்தபடி.

"ஓயாத கைன்னா, ராத்திரியும் வரச்சொல்றாரா?"

"அவரு எதுக்கு வரச்சொல்றாரு? அவரு கை ஓஞ்சு எத்தன வருஷம் ஆச்சு!"

சிரிப்பு அடங்கியதும் மைக்கு கேட்டாள். "இருந்தாலும் அண்ணி, அதுக்குக் கீழ ஒரு பேரு இருக்கு பாருங்க. பொறுப்பா ஒரு ஆளு சொல்லியிருக்காரு. நம்ம கத்துற எதுக்காவது பேரு இருக்கா? எவன் சொன்னான்னே தெரியாது."

அண்ணி முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவள் பெட்டியில் போட்டாள். கொஞ்ச நேரம் மென்றாள்.

"எவன் சொன்னான்னு தெரியாதுதான். ஆனா யாரப் பாத்துச் சொல்றோம்னு நமக்குத் தெரியும். நீ என்னப் பாத்துச் சொல்ற. நான் உன்னப் பாத்து முடிக்கிறேன். இவரு யாரப் பாத்துச் சொன்னாரு? பலகையப் பாத்துச் சொன்னாரு. இப்ப பலகை நம்மளப் பாத்துச் சொல்லுது. நம்ம பதில் சொன்னா அதுக்குக் காது இருக்கா?"

"உப்பு குடு," என்றாள் கஞ்சிக்காரி. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

விருந்தினர்கள் வருகிற நாளும் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் துணியையெல்லாம் இந்த ஆலைக்கே கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கு ஆட்களை அனுப்பியிருந்தது. தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். முந்தின நாளே விசில் மைக்கைக் கூப்பிட்டு, "உன் குரல்தான் எடுபடும். அவங்க உருளைகிட்ட வந்ததும் நான் கையக் காட்டுவேன். எதிர்ல இருக்கிற பொன்மொழிய நல்லா சத்தமா சொல்லு. மேனேஜர் ஆசைப்படறாரு," என்றார். அவளைச் சொல்ல வைத்தும் பார்த்தார். அவள் ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லிவிட்டாள்.

"அப்படி இல்லம்மா. ஒப்பிக்காத. முதல் பாதியச் சொல்லு. நிறுத்து. அவங்க மனசுல இறங்கட்டும். அப்புறம் மீதி."

அவள் அப்படியே சொன்னாள்.

"இது!" என்றார் விசில்.

இன்னொன்றும் சொன்னார். "நாளைக்கு உங்க ஊர்ப்பேச்செல்லாம் வேண்டாம். மாமியாரு, மாடுன்னு கத்திக்கிட்டிருந்தா அவங்க என்ன நெனைப்பாங்க?"

"மூலை ஒட்டிக்கிட்டா?"

"அவங்க நிக்கிறது ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள ஒட்டாது."

ஒட்டியது. அன்று காற்றில் ஈரம் அதிகம். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அப்படிப்பட்ட நாளில் விரிப்புகள் முரண்டு பிடிக்கும். விருந்தினர்கள் மூக்கருகே கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மேனேஜர் உருளையைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மைக்கு கையிலிருந்த விரிப்பைக் கொடுத்துக்கொண்டே விசிலின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் அண்ணி கட்டையால் தட்டினாள். அந்தத் தட்டு மைக்குக்குக் கேட்கவில்லை. மேனேஜரின் பேச்சு, இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் வாய் குளறக் கூடாதே என்ற பயம், இரண்டும் அவள் காதை அடைத்திருந்தன. விசில் கையைக் காட்டினார். அவள் நிமிர்ந்து நின்று, உருளைக்கு மேலே தலையைத் தூக்கி, தன் முழுக் குரலில் முதல் பாதியைச் சொன்னாள்.

நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில் அண்ணியின் கை உள்ளே போயிற்று. உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

அலறலைக் கேட்டு மைக்கு மிதியை அழுத்தினாள். அழுத்திய காலை அவளால் எடுக்க முடியவில்லை. அண்ணியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும், கூடம் காலியான பிறகும், அவள் அந்த மிதியின் மேலேயே நின்றாள். மீதிப் பாதி வரவில்லையே. கஞ்சிக்காரி வந்து அவள் முழங்காலைப் பிடித்து ஒவ்வொரு காலாகக் கீழே இறக்க வேண்டியிருந்தது.

வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்றவை போய்விட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணியின் கீழே விரித்திருந்தது அவர்கள் ஆலை விரிப்பு. ஓரத்தில் சிவப்பு நூல் அடையாளம் இருந்தது. மைக்கு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பொன்மொழியச் சொன்னேன் அண்ணி. சொலவடை இல்ல. நீங்க கேக்கலையா?"

"வார்த்தைய யாருடி கேட்டா?" அண்ணியின் குரல் மருந்தில் தோய்ந்திருந்தது. "தட்டினேன். உன் குரல் வந்துச்சு. பாதியில நின்னுச்சு. கை போயிடுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மைக்குக்குத் தாங்கவில்லை.

அண்ணன் வராந்தாவில் சுவரோரம் குந்தியிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும்," என்றான். அதுவரை அப்படி ஒரு எண்ணம் யாருக்காவது வரக்கூடும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்று காலையிலும் அடுப்படியில் ஒரு சண்டை நடந்திருந்தது. எதற்கு என்று யோசித்தாள். கரண்டிக்கு. கரண்டியை எங்கே மாட்டுவது என்பதற்கு.

ஆலையில் விசாரணை வைத்தார்கள். காப்பீட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். விபத்துக்கு ஆலைதான் பொறுப்பு என்று முடிவானால் அண்ணிக்கு வைத்தியமும், உட்கார்ந்து செய்யும்படி ஒரு வேலையும் கிடைக்கும். அவளுடைய கவனக்குறைவு என்று முடிவானால் கட்டுப்போட்ட கையோடு வெளியே போக வேண்டியதுதான். இது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். முந்தின நாள் மைக்கு கஞ்சிக்காரியின் வீட்டுக்குப் போய், "அக்கா, நீங்களும் வந்து சொல்லணும். நாங்க எப்படிக் குரல் குடுத்துக்குவோம்னு உங்களுக்குத்தான் தெரியும்," என்று கேட்டாள். கஞ்சிக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்ன கூப்பிட்டா வர்றேன்டி. கூப்பிடலைன்னா?"

"நீங்களா வரலாமே."

"அடுப்பு என்னோடது இல்ல. ஆலையோடது," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் கதவைச் சாத்தினாள்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. பெரியவரின் படம் சுவரில் இருந்தது. அதன் கீழே அந்த வாசகமும் இருந்தது. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அண்ணிக்கு நாற்காலி போடச் சொன்னார். அவர் முதலில் போய் உருளையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். உருளையின் பின்பக்கம் கை போகாமல் தடுக்கும் காப்புத் தகடு இருந்ததாம், புது வர்ணத்தோடு. உண்மையில், மூலை ஒட்டுவது தெரியவில்லை, வேலை தாமதமாகிறது என்று அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அந்தத் தகடு நேத்து மாட்டினதுங்க," என்றாள் மைக்கு.

"எப்பவும் இருக்கிறதுதான் சார். இவங்கதான் அப்பப்ப கழட்டுவாங்க," என்றார் விசில். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"சரி, என்ன நடந்தது, நீ சொல்லும்மா," என்றார் அதிகாரி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டுவது, நிறுத்துவது, முதல் பாதி, மீதிப் பாதி. இத்தனை வருஷம் கையும் காலும் குரலுமாகச் செய்ததை வரிசையாக வாயால் சொன்னபோது அவளுக்கே அது சின்னப்பிள்ளை விளையாட்டுபோலக் கேட்டது.

"இந்த ஏற்பாட்ட உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. முன்னாடி இருந்தவங்க செஞ்சாங்க."

"எங்கயாவது எழுதி இருக்கா?"

"இல்லீங்க."

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

எல்லோரும் விசிலைப் பார்த்தார்கள். அவர் கழுத்து ஊதலைத் தொட்டுக்கொண்டார். "ஏதோ கத்திக்குவாங்க சார். மாமியா, மருமக, மாடு, கண்ணுன்னு. ஊர் வம்புன்னு நெனச்சேன். நான் கவனிச்சதில்ல."

"நீங்க சிரிப்பீங்களே!" என்றாள் மைக்கு. அவளுடைய குரல் அந்தச் சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. "அண்ணிமேல என்ன கேஸுன்னு கேப்பீங்களே!"

"கத்தாதம்மா," என்றார் மேனேஜர்.

அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார். "விபத்து நடந்தப்போ நீ சொன்னது அந்தச் சொலவடையில எதுவும் இல்லையே?"

"இல்லீங்க. இந்தப் பொன்மொழி. இவங்கதான் சொல்லச் சொன்னாங்க. நடுவுல நிறுத்தியும் சொல்லச் சொன்னாங்க."

அதிகாரி திரும்பிச் சுவரில் இருந்ததைப் படித்தார். மெதுவாக, உதடு அசையப் படித்தார்.

"இதுல கைய உள்ள விடச் சொல்லி எதுவும் இல்லையேம்மா?"

மேனேஜர் சிரித்தார். விசில் சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"பெரியவர் பொதுவா சொன்னது சார்," என்றார் மேனேஜர். "எல்லாருக்கும் சொன்னது. அதை ஒருத்தர் தப்பா எடுத்துக்கிட்டா அவரா பொறுப்பு?"

மைக்குக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே பெயர் இருப்பது பொறுப்பேற்பதற்கு அல்ல. யாரும் சொல்லாத, பெயரே இல்லாத ஒன்றைச் சொல்லி அவளும் அண்ணியும் நாள் முழுக்க ஒருவருக்கொருவர் பொறுப்பாக நின்றிருந்தார்கள்.

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். அவருக்கு ஏதோ ஒன்று செய்ய வேண்டும் என்று இருந்திருக்கும். "சரி. செஞ்சு காட்டுங்க. நீ முதல் பாதியச் சொல்லு. அவங்க மீதியச் சொல்லட்டும். மூணு நாலு சொன்னாப் போதும். ஒண்ணுக்கொண்ணு சரியா வந்தா, இது உங்களுக்குள்ள நெஜமாவே ஒரு வழக்கம்னு நான் எழுதிக்கிறேன். அப்போ ஆலை அதைக் கவனிக்காம விட்டது தப்புன்னு ஆகும்."

மைக்குக்கு உயிர் வந்தது. நூறு சொல்லுவாளே. அதில் எளிதான ஒன்றை, தினமும் வேலை தொடங்கியதும் முதலில் வருகிற ஒன்றை, எடுத்துக்கொண்டாள். மழையைப் பற்றியது என்று நினைக்கிறேன். நாற்காலியில் இருந்த அண்ணியைப் பார்த்துத் திரும்பி, ஆலையில் சொல்கிற அதே ஓங்கிய குரலில் முதல் பாதியைச் சொன்னாள்.

நிறுத்தினாள்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குமாஸ்தா எழுதத் தயாராகக் கையை வைத்திருந்தார். அந்தப் பாதி வாக்கியம் அறையின் நடுவில், உருளையும் ஆவியும் அவசரமும் இல்லாமல், ஒட்டுத் துணிபோலக் கிடந்தது. அண்ணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மடியில் கிடந்த தன் வெள்ளைக் கட்டைப் பார்த்தாள்.

மைக்கு இன்னொன்றைச் சொன்னாள். அண்ணி நிமிரவில்லை.

"உங்களுக்கு மீதி தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியும்."

"சொல்லுங்கம்மா."

அண்ணி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அண்ணி!" என்றாள் மைக்கு. "ஒரே ஒரு தடவ. உங்க காலப் பிடிக்கிறேன். சொல்லுங்க!"

வெளியே உருளை ஓடுகிற சத்தம் கேட்டது. வேறு யாரையோ நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதிகாரி பேனாவை எடுத்து எதையோ எழுதச் சொன்னார். செய்து காட்டும்படி கேட்டும் சம்பந்தப்பட்டவர் செய்து காட்டவில்லை என்று குமாஸ்தா உரக்கப் படித்தார்.

வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மைக்கு ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிட்டு டீயில் நனைத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். மூன்றாவது துண்டோடு நிறுத்தினாள். தட்டை நகர்த்தி வைத்தாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணினீங்க? என்மேல கோபம்னா என்ன அடிச்சிருக்கலாம். அங்க போயி வாய மூடிக்கிட்டு… நாலு வார்த்த. மொத்தமா நாலு வார்த்த!"

"உன்மேல கோபம் இல்லடி."

"அப்புறம்?"

அண்ணி இடது கையால் தன் வலது கைக் கட்டைத் தூக்கிப் பார்த்தாள். அது வேறு யாருடைய பொருளோ, பத்திரமாக வைத்திருக்கும்படி அவளிடம் கொடுத்ததோ என்பதுபோல.

"மீதியச் சொன்னா என்ன அர்த்தம்?"

மைக்குக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"கை வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம்," என்றாள் அண்ணி. "வரலையே. எப்படிடி சொல்லுவேன்?"

"அது அங்க சும்மா செஞ்சு காட்டறதுக்கு அண்ணி!"

"சும்மா சொல்றதுக்குத்தான் செவுத்துல மாட்டி வச்சிருக்காங்களே. நம்மளும் சும்மா சொல்லணுமா?"

மைக்கு எழுந்து போய் அடுப்பைப் பார்த்து நின்றாள். அண்ணி சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சரியால் இந்த வீட்டில் இனி ஒரு வேளை உலை குறையும் என்பதும் தெரிந்தது. அவள் அண்ணியை அதற்காக மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்கு அண்ணி தன் பக்கம் தவறு எதையும் விட்டுவைக்கவில்லை. கரண்டி, அண்ணி சொன்ன ஆணியில்தான் மாட்டியிருந்தது.

கவனக்குறைவு என்று முடிவானது. அண்ணியை ஆலை அனுப்பிவிட்டது. இடது கையால் எல்லாம் செய்யக் கற்றுக்கொண்டாள். மாவு பிசைவது மட்டும் வரவில்லை. மைக்கு அதே உருளையில்தான் நின்றாள். வீட்டில் ஒரு சம்பளம் குறைந்துவிட்டால் மற்றது நின்றுவிட முடியுமா? பின்பக்கம் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளுக்குச் சொலவடை எதுவும் தெரியாது. பிறகு ஒரு மணி வைத்தார்கள். அது பல நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி தன் துணியையெல்லாம் இந்த ஆலைக்கே கொடுத்தது. விசில் ஓய்வு பெற்றபோது பெரியவரின் வாசகம் பொறித்த கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். மேனேஜர் இன்னும் பெரிய ஆலைக்குப் போனார். கஞ்சிக்காரி ஒரு நாள் அடுப்படியிலேயே சரிந்து விழுந்து இறந்தாள். அவள் சாவுக்கு அண்ணி போனாள், மைக்கு போகவில்லை. அண்ணன் இப்போது ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறான். வீட்டில் வேறு சத்தம் இல்லை.

இரண்டு பெண்களும் இன்னும் அந்த இரண்டு அறையில்தான் இருக்கிறார்கள். காய்ந்த விரிப்பை மடிக்கும்போது அண்ணி ஒரு மூலையை இடது கையிலும் ஒரு மூலையைத் தாடைக்கடியிலும் பிடித்துக்கொள்கிறாள். மைக்கு மறுமுனையைக் கொண்டுவந்து சேர்க்கிறாள். அப்போது இருவரும் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. அவளை மைக்கு என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தால், அவள் குரல் கொடுப்பதில்லை. எழுந்து, நடந்து போய், தோளைத் தொடுகிறாள்.